1 செ.மீ க்யூப் செட் வாங்கலாமா? க்யூப் ஓகே, கூட வர்ற சார்ட்டை தூக்கிப் போட்டுடுங்க

முதல்லயே சொல்லிடறேன், இந்த கணக்கு கிட்ல காசு குடுத்து வாங்கற அளவுக்கு இருக்கறது ரெண்டே பொருள்தான். ஒன்னு அந்த குட்டி குட்டி 1 செ.மீ க்யூபு, இன்னொன்னு உள்ளளவு 10 செ.மீ, 10 செ.மீ, 10 செ.மீ வர்ற டிரான்ஸ்பரன்ட் பிளாஸ்டிக் டப்பா. ஆக்டிவிட்டி கார்டு சுமார் ரகம், கன்வர்ஷன் சார்ட் சுத்தமா தப்பு, அதை பசங்க கண்ணுல காட்டாம இருக்கறதே நல்லது, ஏன்னு கீழ சொல்றேன். பிராண்ட் பேரு போடல, இதே சரக்கு வேற வேற பேர்ல வேற வேற அட்டைப்பெட்டில ஆன்லைன்ல ஓடிட்டு இருக்கு, போட்டோவை பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவீங்க. நான் வாங்கறப்ப ஆஃபர்ல ஐநூறு ரூபாய்க்கு கொஞ்சம் கீழ வந்துச்சு.

நான் திருச்சில வீட்லயே டியூஷன் எடுக்கறேன், அஞ்சாவதுல இருந்து எட்டாவது வரைக்கும், ஸ்டேட் போர்டும் இருக்கு சிபிஎஸ்இயும் இருக்கு. கனஅளவு பாடம் வந்தா எல்லாரும் நீளம் இன்டு அகலம் இன்டு உயரம்னு கோரஸா சொல்லிடுவாங்க. அப்புறம் பக்கத்துல ஒரு படத்தை போட்டு இதுல எத்தனை க்யூப் இருக்குன்னு கேட்டா ஆளுக்கொரு விடை வரும். அதுக்காகத்தான் இதை வாங்கினது.

சரி பொருளுக்கு வருவோம். 100 க்யூப், பத்து கலர்ல கலருக்கு பத்து, ஒரு பக்கம் குமிழ், எதிர் பக்கம் ஓட்டை, ஒன்னோட ஒன்னு மாட்டிக்கலாம். பத்தை வரிசையா மாட்டி ஸ்கேல் வெச்சா கடைசி குமிழை விட்டுட்டு பார்த்தா கரெக்டா 10 செ.மீ வருது, அது வரைக்கும் சந்தோஷம். மஞ்சள் கலர் மட்டும் லூஸு, தூக்கினாலே கழண்டு விழுது, பச்சை அதுக்கு நேர்மாறு, பல்லால கடிச்சு இழுக்கறாங்க பசங்க. பல்லுனு சொன்னதும் ஞாபகம் வருது, வீட்ல மூணு வயசுக்கு கீழ குழந்தை இருந்தா இதை உயரமான இடத்துல வைங்க, ஒரு செ.மீங்கறது நேரா தொண்டைக்குள்ள போற சைஸ்.

இப்ப அந்த படக் கணக்கு. 4 நீளம், 3 அகலம், 2 உயரம்னு ஒரு பெட்டி படம் புக்ல இருக்கும், மூணு பக்கம் தெரியுற மாதிரி வரைஞ்சிருப்பாங்க. பசங்க கிட்ட இருந்து வர்ற விடை பெரும்பாலும் மூணு தினுசு. 26னு ஒரு குரூப், அவங்க மேல தெரியுற 12 கட்டம், முன்னாடி 8, சைடுல 6னு கட்டத்தை எண்ணி கூட்டிடறாங்க, அப்ப ஓரத்துல இருக்கற ஒரே க்யூப் ரெண்டு தடவை, மூலைல இருக்கறது மூணு தடவை எண்ணப்படுது. 18னு இன்னொரு குரூப், இவங்க கொஞ்சம் உஷார், க்யூபைத்தான் எண்ணறாங்க, ஆனா கண்ணுக்கு தெரியறதை மட்டும். பின்னாடி மறைஞ்சிருக்கற 6 இவங்க கணக்குல வராது. மூணாவது குரூப் ஃபார்முலா போட்டு 24னு சொல்லிடும், ஏன் 24னு கேட்டா முழிக்கும். கைல க்யூபை குடுத்து அதே பெட்டியை கட்டச் சொன்னா இந்த மூணு குரூப்புக்கும் விஷயம் புரிஞ்சிடுது, அடியில 12, அதுக்கு மேல இன்னொரு 12, அவ்ளோதான். அடி அடுக்குல எத்தனை, எத்தனை அடுக்கு, இந்த ரெண்டு கேள்விதான் ஃபார்முலாவே. 26 சொன்ன பையனே பிச்சு பார்த்துட்டு "மிஸ், மூலையில இருக்கறவனை மூணு தடவை எண்ணிட்டேன்"னு அவனா சொல்றான், அதுக்கே குடுத்த காசு சரியாப்போச்சு.

அடுத்து அதே 24 க்யூபை குடுத்து வேற வேற பெட்டி கட்டச் சொல்லுங்க. மொத்தம் ஆறு விதம்தான் வரும், 1×1×24, 1×2×12, 1×3×8, 1×4×6, 2×2×6, 2×3×4. ஆறுலயும் கனஅளவு 24 கன செ.மீ, ஆனா வெளிப்பக்கம் எவ்ளோ பேப்பர் ஒட்டணும்னு பார்த்தா நீட்டு குச்சிக்கு 98 சதுர செ.மீ, 2×3×4க்கு வெறும் 52. பரப்பளவும் கனஅளவும் ஒன்னுதான்னு குழப்பிக்கற பிள்ளைங்களுக்கு இதை விட நல்ல மருந்து கிடையாது. கார்டுல இந்த ஆக்டிவிட்டியே இல்ல, ஆச்சரியமா இருக்கு, கார்டு முழுக்க ஒட்டகச்சிவிங்கி கட்டு, ரோபோ கட்டுன்னு போட்டு வெச்சிருக்காங்க.

ஆறாவது, ஏழாவது பசங்களுக்கு 3×3×3 கட்டி வெளிய பெயிண்ட் அடிச்சா எத்தனை க்யூபுக்கு மூணு பக்கம் கலர்ங்கற பழைய புதிரையும் போடலாம், மூணு பக்கம் கலர் 8, ரெண்டு பக்கம் 12, ஒரு பக்கம் 6, நடுவுல பெயிண்டே படாதது 1. எங்க அக்கா பையன் போட்டித் தேர்வுக்கு படிச்சிட்டு இருக்கான், எட்டாவது பசங்களோட உக்காந்து அவனும் இதை கட்டிப் பார்த்துட்டு போனான், அதுல வெக்கப்பட என்ன இருக்கு.

இப்ப மெயின் மேட்டர், அந்த பிளாஸ்டிக் டப்பா. உள்ள 10 செ.மீ நீளம், அகலம், உயரம். கிட்ல இருக்கற 100 க்யூபையும் அடியில அடுக்கினா ஒரே ஒரு தளம் கரெக்டா நிரம்புது. (குமிழை மேல் பக்கமா வெச்சு அடுக்கணும், சைடுல திருப்பினா பத்துக்கு பத்து உக்காராது.) இப்ப டப்பா முழுக்க நிரம்ப இன்னும் எத்தனை தளம்னு கேட்டா ஒன்பதுன்னு சொல்லிடுவாங்க, ஆக மொத்தம் 1000 க்யூப். 1000 க்யூப் குடுத்திருக்கலாமேன்னு கமெண்ட்ல நிறைய பேர் திட்டியிருந்தாங்க, எனக்கு அப்படி தோணல, மீதி ஒன்பது தளத்தை மனசுல அடுக்கறதுலதான் கணக்கே இருக்கு. அப்புறம் க்யூபை கொட்டிட்டு அதே டப்பால ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை கவுத்தா விளிம்பு வரைக்கும் வந்து நிக்குது. 1000 கன செ.மீ தான் ஒரு லிட்டர், ஒரு குட்டி க்யூப் அளவு தண்ணி ஒரு மி.லி. இதை போர்டுல எழுதிப் போட்டா மனப்பாடம், கண்ணால பார்த்தா மறக்காது. ஊசி போடறப்ப நர்ஸ் சொல்ற 2 சிசி, வண்டி எஞ்சின்ல சொல்ற சிசி எல்லாம் இதே கன செ.மீ தான்னு சொன்னதும் பசங்க முகத்தை பார்க்கணும். ஸ்பிளெண்டர் எஞ்சின் 97.2 சிசி, அதாவது பிஸ்டன் கீழ இருந்து மேல வர்றப்ப தள்ற இடம் இந்த 100 க்யூபோட மொத்த கனஅளவை விட கொஞ்சம் கம்மி. அன்னைக்கு முழுக்க அவங்க அவங்க அப்பா வண்டி எத்தனை க்யூப்ங்கறதுதான் பேச்சு, புல்லட் 350 வெச்சிருக்கற வீட்டுப் பையன் காலரை தூக்கி விட்டுக்கிட்டான்.

சார்ட் விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் எனக்கு கோவம். எல்லா புக்லயும் வர்ற அதே படிக்கட்டு படம், கிலோ, ஹெக்டோ, டெக்கா, நடுவுல மீட்டர், அப்புறம் டெசி, சென்டி, மில்லி, ஒரு படி இறங்கினா பத்தால பெருக்கு, ஏறினா பத்தால வகு. நீளத்துக்கு அது சரி. இவங்க தலைப்புல நீளம், பரப்பு, கனஅளவு மூணுக்கும் இதே படிதான்னு போட்டு வெச்சிருக்காங்க! அதுபடி பார்த்தா ஒரு கன மீட்டர்ங்கறது 100 கன செ.மீ. அதாவது இந்த கிட்ல இருக்கற 100 க்யூபை அடுக்கினா ஒரு கன மீட்டர் வந்துடணும், அவங்க டப்பாவோட ஒரு தளத்தைக் கூட அது தாண்டல. அவங்க பொருளே அவங்க சார்ட்டை பொய்யாக்குது.

சரியான கணக்கு இதுதான். ஒரு மீட்டர் 100 செ.மீ. ஒரு சதுர மீட்டர் 100×100, 10 ஆயிரம் சதுர செ.மீ. ஒரு கன மீட்டர் 100×100×100, 10 லட்சம் கன செ.மீ. கன அளவுல படிக்கட்டுல ஒரு படி இறங்கினா 1000த்தால பெருக்கணும், ஏன்னா நீளத்துல பத்து, அகலத்துல பத்து, உயரத்துல பத்துன்னு மூணு பக்கமும் ஒரே நேரத்துல இறங்கறோம். இதுல பசங்களை கவுக்கற இடம் ஒன்னு இருக்கு, அது எந்த சார்ட்லயும் தெளிவா வர்றதில்ல. லிட்டர் படிக்கட்டும் கொள்ளளவுதான், ஆனா அங்க ஒரு படிக்கு பத்துதான், லிட்டர், டெசிலிட்டர், சென்டிலிட்டர், மில்லிலிட்டர்னு. கன மீட்டர் படிக்கட்டுல ஒரு படிக்கு 1000. ரெண்டும் ஒரே தண்ணியைத்தான் அளக்குது, அப்புறம் எப்படின்னா, லிட்டர் படிக்கட்டுல மூணு படி இறங்கறதும் கன மீட்டர் படிக்கட்டுல ஒரு படி இறங்கறதும் சமம். கிலோலிட்டர் ஒரு கன மீட்டர், மூணு படி இறங்கி லிட்டர், அது ஒரு கன டெசிமீட்டர், அதாவது நம்ம டப்பா, இன்னும் மூணு படி இறங்கி மி.லி, அது ஒரு கன செ.மீ, அதாவது நம்ம க்யூப். நான் சார்ட்டோட பின்பக்கம் ரெண்டு படிக்கட்டையும் பக்கத்துல பக்கத்துல மார்க்கர்ல வரைஞ்சு சுவத்துல ஒட்டிட்டேன், பின்பக்கமாவது உதவட்டும்.

கன மீட்டர் எவ்ளோ பெருசுன்னு காட்ட கிட்ல எதுவும் இல்ல. பிளம்பிங் வேலை முடிஞ்சு கிடந்த பிவிசி பைப்பை ஒரு மீட்டர் ஒரு மீட்டரா வெட்டி 12 துண்டு, மூலைக்கு கயிறு கட்டி ஒரு கூண்டு செஞ்சோம். அஞ்சாவது படிக்கற வாண்டுங்க உள்ள போய் முட்டிய கட்டிட்டு உக்காந்தாங்க, அப்படியும் மேல இடம் காலியா இருந்துச்சு. இதுக்குள்ள 10 லட்சம் க்யூப் போகும், செகண்டுக்கு ஒன்னுன்னு சாப்பிடாம தூங்காம போட்டாலும் பதினொன்னரை நாளுக்கு மேல ஆகும்னு சொன்னா வாயை பொளக்குதுங்க. தண்ணி ஊத்தினா 1000 லிட்டர், மாடில வெச்சிருக்கற 1000 லிட்டர் கருப்பு டேங்க் இதே கொள்ளளவுதான், உருளையா இருக்கறதால கண்ணு ஏமாத்துது.

இனி இன்னொரு குறை, இது கொஞ்சம் டெக்னிக்கல். கார்டுல ஒரு சோதனை இருக்கு, அளவு ஜாடில தண்ணி ஊத்தி 50 க்யூப் போடு, தண்ணி 50 மி.லி உயரும்னு. உயரல. ஏன்னா க்யூபுக்குள்ள ஓட்டை, உள்ள கூடு. சிலதுல காத்து மாட்டிக்கிட்டு மிதக்குது, சிலதுல தண்ணி புகுந்து முங்குது, முங்கினதும் பிளாஸ்டிக் எவ்ளோ இருக்கோ அவ்ளோதான் தண்ணியை தள்ளுது. லிஸ்டிங்ல ஒரு க்யூப் ஒரு கிராம்னு போட்டிருந்தாங்க, சமையல் தராசுல 100 க்யூபை வெச்சா 100 கிராமுக்கு நல்லாவே கம்மியா காட்டுது, காரணம் அதே ஓட்டைதான். இந்த சோதனை செய்யணும்னா ஓட்டை இல்லாத சாலிட் க்யூப் வேணும், அதுவும் தண்ணியை விட அடர்த்தியான பிளாஸ்டிக்கா இருக்கணும், மரக்கட்டை க்யூப் மிதந்துடும். ஆனா ஒன்னு சொல்றேன், இந்த ஃபெயிலான சோதனையை வெச்சே எட்டாவது பசங்களுக்கு வெளியளவு வேற, உள்ள இருக்கற பொருளோட அளவு வேறன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் ஓட்டினேன், அதனால முழுசா திட்டவும் மனசு வரல.

கிராமும் மி.லியும் ஒன்னுன்னு நினைக்கற வியாதியும் இங்க சேர்ந்து வரும். தண்ணிக்கு அது கிட்டத்தட்ட சரி, தற்செயலா அமைஞ்சதும் இல்ல. 1795ல பிரான்ஸ்ல கிராமை நிர்ணயம் பண்ணினப்பவே ஒரு மீட்டர்ல நூத்துல ஒரு பங்கு பக்கம் உள்ள க்யூப் அளவு தண்ணியோட எடைன்னுதான் வெச்சாங்க, அதாவது நம்ம இந்த குட்டி க்யூபேதான். அப்புறம் 1901ல லிட்டரை ஒரு கிலோ தண்ணி பிடிக்கற இடம்னு மாத்தி எழுதினதுல லிட்டருக்கும் கன டெசிமீட்டருக்கும் 1.000028னு ஒரு மயிரிழை வித்தியாசம் வந்து உக்காந்துச்சு, 1964ல தான் அதை தூக்கிட்டு லிட்டர்னா சரியா ஒரு கன டெசிமீட்டர்னு திரும்ப கொண்டு வந்தாங்க. தண்ணியை விட்டு வெளிய வந்தா கதை மாறிடும், சமையல் எண்ணெய் பாக்கெட்டை எடுத்து படிங்க, 1 லிட்டர்னு போட்டு கூடவே 910 கிராம்னு போட்டிருக்கும். அந்த பாக்கெட்டை தராசுல வெச்சு காட்டினா போதும், சார்ட் எதுக்கு.

டியூஷன்ல ஒரு பையனோட அப்பா கொத்தனார். இந்த டப்பாவை பார்த்துட்டு பையன் கேட்டான், "மிஸ், எங்க அப்பா எம் சாண்ட் ஒரு யூனிட்னு சொல்றாரே, அது எத்தனை லிட்டர்?" நல்ல கேள்வி. ஒரு யூனிட்னா 100 கன அடி, ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆக ஒரு யூனிட் கிட்டத்தட்ட 2,830 லிட்டர், நம்ம பிவிசி கூண்டு மூணுக்கு கொஞ்சம் கம்மி. லாரி லோடு வந்தா நீளம், அகலம், மணல் நிக்கற உயரம் மூணையும் அடில அளந்து பெருக்கி 100ஆல வகுத்தா யூனிட், 10 அடிக்கு 6 அடி, 3 அடி உயரம்னா 180 கன அடி, அதை ரெண்டு யூனிட்னு பில் போட்டா கேள்வி கேக்கணும். வீடு கட்டறவங்க இதை படிச்சா அஞ்சாவது கணக்கு எவ்ளோ ரூபாய்க்கு சமம்னு தெரியும். சம்ப்பும் இதேதான், 2 மீட்டர், 1.5 மீட்டர், 1.5 மீட்டர்னா 4.5 கன மீட்டர், 4,500 லிட்டர், அங்க 12,000 லிட்டர் தண்ணி லாரியை கூப்பிட்டா மீதி தெருவுலதான் ஓடும்.

திருச்சில இருந்துட்டு காவேரி பேசாம இருக்க முடியுமா. மேட்டூர் கொள்ளளவு 93.47 டிஎம்சின்னு நியூஸ்ல வரும், ஒரு டிஎம்சின்னா 100 கோடி கன அடி, லிட்டர்ல 2,830 கோடிக்கு மேல. விநாடிக்கு 1000 கன அடி திறந்தா ஒரு டிஎம்சி போக எத்தனை நாள்னு கேட்டேன், கணக்கு போட்டா 10 லட்சம் செகண்ட், கூண்டுக்குள்ள க்யூப் போட்ட அதே பதினொன்னரை நாள் சொச்சம், ஒரு பொண்ணு தானா கண்டுபிடிச்சு கத்தினா பாருங்க. மழைக்கும் போடலாம், 1 சதுர மீட்டர்ல 1 மி.மீ மழை பெஞ்சா 1 லிட்டர், 1000 சதுர அடி மொட்டை மாடில 1 செ.மீ மழைன்னா 929 லிட்டர், டேங்க் கிட்டத்தட்ட ஃபுல். இதெல்லாம் கார்டுல போட்டிருந்தா ரோபோ கட்டறதை மன்னிச்சு விட்டிருப்பேன்.

க்யூபால முடியாத இடமும் இருக்கு. 7.5 செ.மீ, 5 செ.மீ, 3 செ.மீ பெட்டில முழு க்யூப் 105 தான் போகும், உண்மையான கனஅளவு 112.5. அந்த இடத்துல க்யூபை மூடி வெச்சிட்டு பெருக்கலுக்கு போயிடுங்க, உருளை, கூம்புக்கும் இது உதவாது.

வாங்காம செய்ய முடியுமான்னா பாதி முடியும். கெட்டி சார்ட் அட்டைல 10 செ.மீ பெட்டி ஒட்டிக்கலாம், தண்ணி ஊத்த முடியாது, அரிசி போட்டுக்கலாம். ஆனா 1 செ.மீ க்யூபை வீட்ல 100 வெட்ட முடியாது, சோப்புல வெட்டிப் பார்த்த டீச்சர் ஒருத்தங்க எனக்கு தெரியும், வாசனைதான் மிச்சம். பத்தடிமான பிளாக் செட்டும் ஸ்கூல் சப்ளை கடைல கிடைக்குது, ஒன்னு, பத்து, நூறு, ஆயிரம்னு கட்டை கட்டையா, அந்த ஆயிரம் கட்டையும் 10 செ.மீ தான், இடமதிப்புக்கு பிரமாதம், ஆனா பெரும்பாலும் மூடின கட்டை, உள்ள எதையும் ஊத்த முடியாது. ஒரு இன்ச் மர க்யூபை மட்டும் இதுக்காக வாங்கிடாதீங்க, 16 மி.லி சொச்சத்தை வெச்சுக்கிட்டு பசங்களுக்கு லிட்டர் சொல்லிக் குடுக்க முடியாது.

டெலிவரில டப்பா மூலை விரிசலோட வந்துச்சு, ரிட்டர்ன் போட்டதும் வேற அனுப்பிட்டாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். சார்ட் தப்பை சொல்லி செல்லருக்கு மெசேஜ் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஒரு ரெடிமேட் பதில் வந்துச்சு, லிஸ்டிங்ல இன்னும் அதே சார்ட் படம்தான் இருக்கு. க்யூபுக்கும் டப்பாவுக்கும் நாலு ஸ்டார், சார்ட்டுக்கு ஒன்னை கழிச்சுக்கிட்டு மொத்தம் மூணு. வாங்கறவங்க ஆர்டர் போடறதுக்கு முன்னாடி டப்பாவோட 10 செ.மீ உள்ளளவா வெளியளவான்னு கேட்டுக்கோங்க, வெளியளவுன்னா லிட்டர் வராது.